கோலம் இல்லாத காலையில் கதவைத் தட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முதியவர்களின் தனிமை பற்றிப் போன வாரம் உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். பிரிட்டனில் 2018-லும் ஜப்பானில் 2021-லும் இதற்கென்றே ஓர் அமைச்சரை நியமித்தார்கள் என்று அதில் இருந்தது. பேச ஆளில்லாமல் போவது எவ்வளவு பெரிய வேதனை என்று எனக்குத் தெரியும். என்னோடு வேலை பார்த்த ஒரு டீச்சருக்குப் பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிநாட்டில். பொழுது சாய்ந்தால் டிவியைச் சத்தமாக வைத்துவிட்டு அடுப்படியில் நின்று சமைப்பார், வீட்டுக்குள் ஏதாவது குரல் கேட்கட்டும் என்று. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் தனியாக இருக்கிற எல்லாருமே பாவம், அவர்களைக் கூட்டி வந்து நாலு பேர் நடுவில் உட்கார வைத்துவிட்டால் சரியாகிவிடும் என்பதுபோலக் கட்டுரை முழுக்க எழுதியிருக்கிறதே, அதுதான் மனசுக்கு ஒப்பவில்லை.

எனக்கு வயது 63, ஓய்வுபெற்ற ஆசிரியை, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊர். 2009-ல் அம்மா இறந்த பிறகு எங்கள் வீட்டில் நான் மட்டும்தான். "ஒத்தையிலயா இருக்கீய டீச்சர்?" என்று இத்தனை வருஷத்தில் கேட்காத ஆள் கிடையாது. தம்பி வீட்டுக்கு வரச் சொல்லிக் கூப்பிடாத நாளும் கிடையாது. நான் போகாதது கோபத்தாலோ வீம்பாலோ இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் நாளெல்லாம் பிள்ளைகள் சத்தத்துக்கு நடுவில் நின்றவள் நான், அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு ஒரு மணி நேரம் யாருக்கும் பதில் சொல்லாமல் உட்கார்ந்தால்தான் மறுநாள் அந்தப் பிள்ளைகளிடம் முகம் கொடுத்துப் பேச முடிந்தது. இதை எங்கள் சொந்தக்காரர்களுக்கு இன்றுவரை என்னால் புரியவைக்க முடியவில்லை. ஒரு விசேஷ வீட்டில் பத்து நிமிஷம் ஓரமாக உட்கார்ந்தால் போதும், "என்ன, யார் என்ன சொன்னா?" என்று அத்தை வந்து நின்றுவிடுவார்கள்.

2023 டிசம்பர் 17, மார்கழி முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை. காலையில் போட்ட கோலம் போட்ட சூட்டிலேயே கரைந்துபோனது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. தாமிரபரணி ஒரு பக்கம், உடைந்த குளங்கள் ஒரு பக்கம் என்று ராத்திரி எங்கள் தெருவுக்குள் தண்ணீர் வந்தபோது கரண்டும் இல்லை, போனும் இல்லை. எதிர்வீட்டுத் தம்பி இடுப்பளவு தண்ணீரில் வந்து, "டீச்சர், கதவத் திறங்க" என்று தட்டியது இன்னும் காதில் கேட்கிறது. அவர்கள் வீட்டு மாடியில் ஆறு குடும்பம், மொத்தம் 23 பேர், நாலு ராத்திரி. ஒரே ஒரு கேஸ் அடுப்பு. யார் வீட்டு அரிசியோ, யார் வீட்டுப் பருப்போ, கஞ்சி வைத்துத் துவையல் அரைத்து எல்லாருக்கும் ஒரே அளவு. அதே நேரத்தில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் சென்னைக்குப் போகிற ரயில் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோக, பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் வீடு என்ன ஆனது என்று பார்க்காமல் சமைத்துப் போட்டார்கள். ஊர் என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அந்த ராத்திரி அந்தத் தம்பி வராவிட்டால் இந்தக் கடிதமே இல்லை.

ஆனாலும் மூன்றாம் நாள் சாயங்காலம் எனக்கு மூச்சு முட்டியது. அத்தனை பேரும் என் உயிர், யார் மேலும் ஒரு சின்ன வருத்தம்கூட இல்லை, இருந்தும் ஒரு பத்து நிமிஷம் யாரும் இல்லாமல் இருந்தால் போதும் என்று ஆகிவிட்டது. மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். உடனே ஒவ்வொருவராக மூன்று பேர் தேடிக்கொண்டு வந்தார்கள், "என்ன டீச்சர், கவலப்படுதீயளா?" என்று. நாலாவதாக மூன்றாம் வீட்டுப் பிள்ளை வந்தாள். அப்போது எட்டாம் வகுப்பு. ஒன்றும் கேட்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் கழித்து, "இங்கதான் டீச்சர் யாரும் கூப்பிட மாட்டாங்க" என்றாள். இரண்டு அறை வீட்டில் எட்டுப் பேர் இருக்கிற குடும்பம் அது. வெள்ளத்துக்கு முன்பே, அவர்கள் வீட்டு மாடியிலும் தொட்டிக்குப் பின்னால்தான் அவள் படிப்பாளாம். எனக்கு என் வீடு இருக்கிறது, கதவைச் சாத்திக்கொள்வேன். அவளுக்கு எது இருக்கிறது?

வள்ளலாரை நினைத்துப் பாருங்கள். 1867-ல் வடலூரில் தருமசாலையைத் தொடங்கி வந்தவர்க்கெல்லாம் சோறு போட்டார், அந்த அடுப்பு இன்றைக்கும் எரிகிறது. அவரேதான் கொஞ்ச தூரம் தள்ளி மேட்டுக்குப்பத்தில் போய்த் தனியே இருந்தார். "பசித்திரு, தனித்திரு, விழித்திரு" என்று அவர் பெயரால் சொல்கிறோம், சுவரிலும் எழுதி வைக்கிறோம். ஆனால் நம் வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்தி தனியே போய் உட்கார்ந்தால் மட்டும் சந்தேகப்படுகிறோம். ஆம்பிளைகளுக்கு டீக்கடை பெஞ்சு உண்டு, ஆற்றங்கரை உண்டு, பாலத்துச் சுவர் உண்டு. எங்கள் ஊரில் ஒரு பெண் யாருக்கும் பதில் சொல்லாமல் உட்கார கோயில் பிரகாரம்தான், அங்கேயும் நடை சாத்துகிற வரைக்கும்தான்.

அதனால்தான் நூலகத்தைப் பற்றிச் சொல்ல வந்தேன். பல பேருக்கு நடுவில், ஆனால் யாரும் கூப்பிடாமல் இருக்கலாம் என்று சட்டமே போட்டு ஏற்படுத்திய இடம் அது ஒன்றுதான். 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது, சீர்காழிக்காரரான எஸ்.ஆர்.ரங்கநாதனின் உழைப்பு அதன் பின்னால் இருக்கிறது. நாம் கட்டுகிற சொத்து வரியோடு 10 சதவீதம் நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம், ரசீதை எடுத்துப் பாருங்கள். சென்னையில் அண்ணா நூலகமும் மதுரையில் கலைஞர் நூலகமும் எவ்வளவு பெரிதாக எழும்பியிருக்கின்றன, சந்தோஷம்தான். ஆனால் எங்கள் பக்கத்துக் கிளை நூலகத்தில் பள்ளி விட்டுப் பிள்ளைகள் வந்து சேர்வதற்குள் பூட்டுகிற நேரம் வந்துவிடுகிறது. காலையில் பேப்பர் படிக்க வருகிற பெரியவர்களோடு பெஞ்சு நிரம்பிவிடும். பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. இதனால் அங்கே பெண்கள் வந்து உட்காருவதே இல்லை. நூலகரைக் குறை சொல்ல மாட்டேன், ஓர் ஆள் எத்தனை வேலை பார்ப்பார்?

என் விஷயத்தில் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டோம். வெள்ளத்துக்குப் பிறகு, "இனிமேலாவது தம்பி வீட்டோட போயிருங்க" என்று தெருவே சொன்னது. நான் போகவில்லை. ஆனால் ஒரு சாவியை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டேன். காலை ஏழு மணிக்குள் என் வாசலில் கோலம் இல்லையென்றால் வந்து கதவைத் தட்ட வேண்டும், தட்டித் திறக்காவிட்டால் சாவியைப் போட வேண்டும், கோலம் இருந்தால் என்னை என் போக்கில் விட்டுவிட வேண்டும், இதுதான் பேச்சு. போன ஆவணியில் காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தேன். ஏழேகாலுக்குச் சாவி திரும்புகிற சத்தம் கேட்டது.

அந்தப் பிள்ளை இப்போது பத்தாம் வகுப்பு. மார்ச்சில் பரீட்சை. அதுவரைக்காவது எங்கள் கிளை நூலகத்தின் வாசிப்பு அறையை மாலை ஐந்திலிருந்து எட்டு வரை திறந்துவைக்க நூலகத் துறை அனுமதிக்க வேண்டும். ஆள் இல்லை என்றால் நான் வருகிறேன், சம்பளம் வேண்டாம். திறந்துவிட்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பேன், யாரிடமும் எதுவும் கேட்க மாட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
தூத்துக்குடி மாவட்டம்.