சேர்மாரே, எங்களுக்கு எந்த ஸ்லைட் வேணும்?

விஞ்ஞான பாடத்துக்குப் பொறுப்பா இருக்கிற கல்விப் பகுதி சேர்மாருக்கும் மடம்மாருக்கும்,

வணக்கம். போன கிழமை நடந்த செயலமர்வைப் பற்றி நான் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை, வைச்சதே நீங்கள்தான். செய்முறை மூலம் விஞ்ஞானம் கற்பித்தல் எண்டு கடிதத்தில வடிவா போட்டிருந்தது, நானும் நம்பி வேலை செய்யத் தோதா பழைய சீலை ஒண்டை உடுத்துக்கொண்டு வந்தனான். ஐஞ்சு வலயத்தில இருந்தும் ஆக்கள் வந்தவை. தீவில இருந்து வந்த ரெண்டு ரீச்சர்மார் விடிய நாலு மணிக்கு எழும்பி வள்ளத்தில குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்து அங்கயிருந்து பஸ் பிடிச்சு வந்தவை. வந்து இருந்தா காலமை தொடங்கிப் பின்னேரம் மூண்டரை மட்டும் பவர்பொயின்ற். அறுபத்தெட்டு ஸ்லைட், நான் எண்ணினனான், எனக்கு வேற என்ன வேலை. அதிலயும் பாதி இங்கிலீசில, தமிழ் பிறகு அனுப்புவினமாம். செய்முறைச் செயலமர்வில ஒரு சோதனைக்குழாயைக் கண்ணில காணேல்ல, ஒரு நெருப்புக்குச்சி கூட உரசேல்ல. பற்றிஸும் பிளேன்ரீயும் நல்லாயிருந்தது, அதையும் சொல்லத்தான் வேணும்.

எங்களுக்கு ஸ்லைட் எண்டா வெங்காயத் தோல் வைக்கிற கண்ணாடித்துண்டு. அந்த ஸ்லைட்டில வேலை செய்யிற பயிற்சிதான் எங்களுக்கு வேணும். இந்தக் கடிதத்தில இருக்கிறது இந்த ஒரு விசயம்தான், மிச்சமெல்லாம் வயித்தெரிச்சல்.

எங்கட பள்ளிக்கூடத்தில ஒரு நுணுக்குக்காட்டி இருக்கு, அலுமாரிக்குள்ள. பொருட்பதிவேட்டில ஏறின சாமான், உடைஞ்சா கணக்கெடுக்க வாறவைக்கு விளக்கக் கடிதம் குடுக்கவேணும், சிலநேரம் காசும் கட்டவேண்டி வரும் எண்ட பயத்தில எனக்கு முதல் இருந்த சேர் அதைத் தொட்டதே இல்லையாம். அவரைப் பிழை சொல்லேலாது. உடைச்ச ஆளைத்தானே கேக்கிறது, பூட்டி வைச்ச ஆளை ஆரும் கேக்கிறேல்லையே. நான் துணிஞ்சு எடுத்தனான், தரம் 10 பிள்ளையளுக்குக் கலம் காட்டுவம் எண்டு. வெங்காயத்துக்கு எங்கட மண்ணில பஞ்சமில்லை, சின்ன வெங்காயத்தில தோல் உரிக்கிறது கரைச்சல் எண்டு பம்பாய் வெங்காயமும் வாங்கி, பாமசியில அயடீனும் வாங்கிக்கொண்டு போனனான், எல்லாம் என்ர காசு. வைச்சுப் பாத்தா வில்லை முழுக்கப் பூஞ்சணம். முதல் வந்து பாத்த பெடியன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு கனநேரம் பாத்திட்டு, "ரீச்சர், மழை முகில் மாதிரிக் கிடக்கு" எண்டான். பிறகென்ன, நான் போர்டில கீறினன், அவன் அதைப் பாத்துக் கொப்பியில கீறினவன். கலச்சுவர், கரு, புன்வெற்றிடம் எல்லாம் அம்புக்குறி போட்டு அச்சொட்டா. முழுப்புள்ளி போட்டனான். அவன் காணாத கலத்துக்கு.

அந்த வில்லையை எப்பிடித் துடைக்கிறது, எதால துடைக்கிறது எண்டு பதினொரு வருசச் சேவையில எனக்கு ஆரும் காட்டித் தரேல்ல. எத்தினை செயலமர்வுக்கு வந்து கையெழுத்துப் போட்டிருப்பன்.

இன்னொரு பள்ளிக்கூடத்தில புதுசா வந்த பிள்ளை ஒண்டு, படிச்சது வணிகம், ஆளில்லை எண்டு விஞ்ஞானத்தையும் தலையில கட்டிவிட்டாச்சு. இலையில மாப்பொருள் இருக்கோ எண்டு பாக்கிற செய்முறைக்கு இலையை மதுசாரத்தில போட்டு அந்தக் கண்ணாடி முகவையை நேர நெருப்பில வைச்சிட்டா. குப்பெண்டு பத்தினது, நல்லகாலம் மேசைத்துணியோட போச்சு. நீர்த்தொட்டியில வை எண்டு கைநூலில எழுதித்தான் கிடக்கு. எண்டாலும் வாசிக்கிறது வேற, ஒரு ஆசிரிய ஆலோசகர் பக்கத்தில நிண்டு "பொறு பிள்ளை, சுவாலையை நூத்துப்போட்டு சுடுதண்ணிக்குள்ள வை" எண்டு சொல்லுறது வேற. அந்தப் பிள்ளை இப்ப ஆய்வுகூடக் கதவே திறக்கிறேல்ல.

தரம் 11 பிள்ளையளின்ர ஓஎல் சோதனைப் பெறுபேறு வந்த உடன மட்டும் எங்களை நல்லா ஞாபகம் வரும் உங்களுக்கு. சித்தி வீதம் ஏன் குறைஞ்சது எண்டு கூப்பிட்டு நிரையில இருத்திக் கேப்பியள், பகுப்பாய்வுப் படிவம் தருவியள், அந்தப் படிவத்துக்கு மட்டும் ஒருநாளும் கடுதாசித் தட்டுப்பாடு வந்ததில்லை. 1847 இல யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனறி கிறீன் வைத்தியர் மானிப்பாயில தமிழிலயே மருத்துவம் படிப்பிச்சவர், இரசாயனத்தையும் தமிழில புத்தகமாக்கினவர். எனக்குப் போன கிழமை ஸ்லைட்டின்ர தமிழ் இன்னும் வந்து சேரேல்ல. சரி, கோவத்தில எங்கயோ போட்டன், மன்னிக்கவேணும்.

காசு இல்லை எண்டுவியள், அது எங்களுக்கும் விளங்குது. 2022 இல கடுதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில தவணைப் பரீட்சையே தள்ளிப்போன நாடு இது. நான் புதுக் கட்டடமோ ஸ்மார்ட் போர்டோ கேக்கேல்ல. தவணைக்கு ஒருநாள், ஆசிரியர் மத்திய நிலையத்திலயோ ஆய்வுகூடம் உள்ள ஏதாவது பள்ளிக்கூடத்திலயோ, நாங்கள் எங்கட கையால செய்து பழகிற பயிற்சி. மகனீசியம் நாடா கறுத்துப்போனா உரஞ்சிப்போட்டுப் பத்தவைக்கிறது, மின்பகுப்புக்குச் செப்புக்கம்பி போட்டா ஒட்சிசன் வராது பென்சில் கரியைப் போடு எண்டுறது, இப்பிடியான சின்னச் சின்ன விசயம்தான் எங்களை வகுப்பில பிள்ளையளுக்கு முன்னால மானங்கெடாமல் வைச்சிருக்கிறது. அதோட படிப்பிக்கேக்க உடையிற சாமானை விளக்கக் கடிதம் கேக்காமல் பதிவேட்டில இருந்து கழிக்க ஒரு வழி செய்து தாங்கோ. உடையாத முகவை எண்டா பாவிக்காத முகவைதானே, உங்களுக்குத் தெரியாததே.

தயவுசெய்து, திரும்பவும் பணிவாக் கேக்கிறன், கையால செய்து பழகிற பயிற்சி தாங்கோ. தீவு ரீச்சர்மாருக்காக அதைக் கொஞ்சம் பிந்தித் தொடங்கினாலும் நல்லது. புரொஜெக்டரை அலுமாரியில வைச்சுப் பூட்டிப்போட்டு நுணுக்குக்காட்டியை வெளியில எடுங்கோ, வெங்காயம் நான் கொண்டுவாறன்.

இப்படிக்கு,
உங்கட வரவுப் பதிவேட்டில ஒழுங்கா கையெழுத்துப் போடுற ஒரு விஞ்ஞான ரீச்சர்,
யாழ்ப்பாணம்