ஸ்டோரியின் கடிதங்கள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரம் வந்தது. தங்கச்சிக்கு முழங்கால் வலி தேவலை என்று படித்ததும் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்கு அடுத்த மாதம் பிரசவம், வீட்டில் அந்தப் பரபரப்புதான். வாய்தாக்களை ஜூனியரே பார்த்துக்கொள்வதால் எனக்குப் படிக்க நேரம் கிடைக்கிறது.

அந்த நேரமெல்லாம் ஜோசப் ஸ்டோரியின் கடிதங்களுக்குப் போகிறது. சட்டக் கல்லூரியில் ஈக்விட்டி (நியாய முறைச் சட்டம்) வகுப்பில் நாம் படித்த அதே ஸ்டோரிதான். 1811-ல், 32 வயதில், அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு நியமனம் ஆனவர். 1845-ல் இறக்கும்வரை நீதிபதி. அவர் மகன் வில்லியம் 1851-ல் இரண்டு தொகுதிகளாகக் கடிதங்களை வாழ்க்கை வரலாற்றோடு சேர்த்து வெளியிட்டார்.

அந்தக் காலத்தில் நீதிபதிகள் குளிர்காலத்தில் குடும்பத்தை விட்டுவிட்டு வாஷிங்டன் வந்து ஒரே விடுதியில் தங்குவார்களாம். தலைமை நீதிபதி மார்ஷலும் உடனிருப்பார். ஒரே மேஜையில் சாப்பாடு, அங்கேயே வழக்குப் பேச்சு. ஊரில் இருக்கும் மனைவி சாராவுக்கு ஸ்டோரி அங்கிருந்து எழுதுவார். 1831-ல் அவர்களுடைய பத்து வயது மகள் லூயிசா காய்ச்சலில் போய்விட்டாள். அந்தத் துக்கத்தோடு செப்டம்பரில் மவுண்ட் ஆபர்ன் கல்லறைத் தோட்டத் திறப்பில் நின்று பேசியிருக்கிறார். எப்படிப் பேசினாரோ!

1832 மார்ச்சில் செரோக்கி என்ற பழங்குடி மக்கள் விஷயத்தில் ஜார்ஜியா மாநிலத்துக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. அடுத்த நாளே மனைவிக்கு எழுதுகிறார்: பழங்குடிகளை ஒடுக்கிய அநியாயத்தில் நீதிமன்றத்துக்குப் பங்கில்லை, கடவுளுக்கு நன்றி என்று. அதைப் படித்தபோது இந்த மனிதர்மேல் எனக்கு அளவுகடந்த மரியாதை வந்தது.

அப்புறம்தான் 1842. மார்கரெட் மார்கன் என்ற பெண்ணையும் அவள் பிள்ளைகளையும் பென்சில்வேனியாவிலிருந்து அடிமைகள் என்று பிடித்துப்போன பிரிக் என்பவரின் வழக்கு. அடிமை வியாபாரத்தைக் கடுமையாகக் கண்டித்த ஸ்டோரிதான் பிரிக்கின் தண்டனையை ரத்து செய்து தீர்ப்பு எழுதினார். ஆனாலும் தப்பி வந்தவர்களைப் பிடித்துக் கொடுக்க மாநில அதிகாரிகளைக் கட்டாயப்படுத்த முடியாது என்ற ஒரு வாசலும் அதில் இருந்தது. வட மாநிலங்கள் சில அதைப் பிடித்துக்கொண்டன. இந்தத் தீர்ப்பு சுதந்திரத்துக்குக் கிடைத்த வெற்றி என்று அப்பா சொல்வார் என்கிறார் மகன்.

சரி, அதே வருஷம் ஏப்ரலில் ஜார்ஜியா செனட்டர் பெரியனுக்கு ஸ்டோரி எழுதியதைப் பார். மாநில மாஜிஸ்திரேட்டுகளுக்கு உள்ள அதிகாரத்தை மத்திய நீதிமன்றம் நியமிக்கும் ஆணையர்களுக்கும் கொடுத்துவிடுங்கள், பொதுவான வாசகமாகப் போட்டால் காங்கிரஸில் சின்னச் சலசலப்புகூட வராது என்கிறார். தீர்ப்பில் திறந்திருந்த வாசலை அவரே சந்தடியில்லாமல் அடைக்கப் பார்க்கிறார்! தப்பியோடிய அடிமைகளைப் பற்றி 1850-ல் வந்த சட்டம் அந்த ஆணையர்களைத்தான் வைத்தது. பிடிபட்டவரை உரிமையாளரிடம் ஒப்படைத்தால் ஆணையருக்குப் பத்து டாலர், விட்டுவிட்டால் ஐந்து. அதைப் பார்க்க ஸ்டோரி உயிரோடு இல்லை.

அரசியல் சாசனத்துக்குக் கட்டுப்பட்டுத்தான் அப்படித் தீர்ப்பளித்தார் என்று நானும் வாதாடுவேன். ஆனால் பெரியனுக்கு எழுதச் சொல்லி எந்தச் சாசனமும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. மகளை இழந்து தவித்த மனிதருக்கு மார்கரெட்டின் பிள்ளைகள் ஏன் கண்ணில் படவில்லை என்பதுதான் என்னை அறுக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், பெரிய மனிதர்களின் வீட்டுக் கடிதத்தையும் ஆபீஸ் கடிதத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

நீ பெஞ்சில் உட்கார்ந்தவன். தீர்ப்பு சொல்லிவிட்டு, அதையொட்டி என்ன சட்டம் கொண்டுவரலாம் என்று ஒரு செனட்டருக்குத் தனியாக எழுதுவது நீதிபதி செய்யக்கூடிய காரியமா? உன் அபிப்பிராயத்தை விவரமாக எழுது. தங்கச்சிக்கு என் விசாரிப்பைச் சொல். பேரனோ பேத்தியோ, பிறந்ததும் போன் செய்கிறேன்.

என்றும் உன்,
பழைய ரூம்மேட்