ட்விக்கன்ஹாம் ஏல் நடைக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்பு நண்பர்களே,

சென்ற வியாழன் மாலை லண்டனின் தென்மேற்கே ட்விக்கன்ஹாம் ஆற்றங்கரையில் தொடங்கி, டெடிங்டன் வழியாக ஹாம்ப்டன் ஹில்லில் முடிந்த ஏல் நடைக்குப் பதினான்கு பேர் வந்தீர்கள். ஏல் என்பது இங்கிலாந்தின் மரபான பீர்; அதைப் பப் பப்பாகப் போய் ருசிப்பதுதான் இந்த நடை. நான்கு பப், நான்கு மணி நேரம். பதினான்கு பேரும் தள்ளாடாமல் வீடு போய்ச் சேர்ந்தீர்கள். இதற்கு உதவியவர்களில் பாதிப் பேரை நீங்கள் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டீர்கள். அவர்களிடமிருந்தே தொடங்குகிறோம்.

பப்பின் நிலவறையில் பீப்பாய்களைப் பார்த்துக்கொள்ளும் நிலவறைக்காரர்களுக்கு முதல் நன்றி. வியாழனன்று நாம் குடித்த ஏலுக்கு அவர்கள் திங்களன்றே வேலையைத் தொடங்கிவிட்டார்கள். ரியல் ஏல் பீப்பாய்க்குள்ளேயே இரண்டாம் முறை நொதிப்பது. ஈஸ்ட் உயிரோடு உள்ளே இருக்கும். கரைத்து வைத்த இட்லி மாவு மாதிரிதான். சூடு கூடினால் பொங்கி வழியும், குளிர்ந்தால் அப்படியே கிடக்கும். பப்புகளுக்குப் பெரும்பாலும் வருவது ஃபிர்கின் என்கிற 9 காலன் பீப்பாய். கணக்குக்கு 72 பைண்ட் (ஒரு பைண்ட் அரை லிட்டரைவிடச் சற்று அதிகம்); அடிமண்டி போக விற்பனைக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவு.

அதைப் படுக்கைவசமாகத் தாங்குகட்டையில் ஏற்றி, உருளாமல் ஆப்பு வைப்பார்கள். வயிற்றின் மேல்பக்கத்து அடைப்பில் மெத்தென்ற மரமுளை ஒன்றை அடித்து இறக்குவார்கள். கூடுதல் வாயு அந்த முளையின் நுண்துளைகள் வழியே நுரைத்து வெளியேறும். நுரை அடங்கியதும் மெத்தென்ற முளையை எடுத்துவிட்டுக் கெட்டி முளை. குழாய் பொருத்துவது தனி வித்தை: முன்பக்கத் தக்கையைக் கழுவித் துடைத்து, மரச்சுத்தியால் ஒரே போடு. தயங்கித் தயங்கி மூன்று அடி அடித்தால் பீர் முகத்தில் பீச்சும், மண்டியும் கலங்கும். பிறகு ஒன்றிரண்டு நாள் தொடாமல் விட வேண்டும், தெளிவதற்கு.

நிலவறையின் சூடு 11 முதல் 13 டிகிரி செல்சியஸுக்குள் நிற்க வேண்டும். மிகவும் குளிர்ந்தால் புரதம் திரண்டு மங்கல் தட்டும், மணமும் அடங்கிவிடும். சூடேறினால் வாயு போய்ச் சப்பென்றாகும். “இங்கிலாந்தில் பீரைச் சூடாகக் குடிக்கிறார்கள்” என்று ஊரில் சொல்லும் கதை இந்த 12 டிகிரியில் பிறந்ததுதான். மண்பானைத் தண்ணீரைவிடக் குளிர்ச்சி அது.

பீப்பாயைத் திறந்தபின்னும் காவல் தொடரும். கடை திறந்திருக்கும்போது முளையைத் தளர்த்த மறந்தால் உள்ளே காற்று புகாது, மேலே பாரில் உள்ள கைப்பம்பு பீரை இழுக்காது. இரவு கெட்டி முளையால் அடைக்க மறந்தால் மறுநாள் பீரில் உயிர் இருக்காது. பாதிக்கு மேல் தீர்ந்ததும் பின்பக்கத்தை மெல்ல மெல்ல உயர்த்திச் சாய்க்க வேண்டும். கடைசி நேரத்தில் வெடுக்கென்று தூக்கினால் மண்டி முழுக்கக் குழாய்க்கு வந்துவிடும். நம் கையிலிருந்த கோப்பைகள் விளக்கு வெளிச்சத்தில் கண்ணாடியாக மின்னின என்றால், யாரோ நேரத்துக்குச் சாய்த்திருக்கிறார்கள்.

திங்களன்றே நான்கு பப்புகளுக்கும் தொலைபேசியில் சொல்லிவைத்த நண்பருக்கு அடுத்த நன்றி. இது வெறும் மரியாதை அல்ல. ஏல் குடித்த பதினொரு பேர் ஆளுக்கு அரை பைண்ட் என்றால் ஐந்தரை பைண்ட். கூட்டமில்லாத மாலையில் ஒரு பீப்பாயில் கண்ணுக்குத் தெரிகிற அளவு. முன்னரே தெரிந்தால் எந்தப் பீப்பாயை எப்போது திறப்பது என்று அவர்கள் கணக்குப் போட முடியும். திறந்த பீப்பாய் மூன்று நாளுக்குள் தீர்ந்துவிடுவது நல்லது. அதன்பின் புகுந்த காற்று தன் வேலையைக் காட்டும். காலையில் இறக்கிய கள் மாலையில் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே அடுத்த முறை பப் தேடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: எட்டுக் கைப்பம்பு அணிவகுத்து நிற்பதைப் பார்த்து மயங்காதீர்கள். வியாபாரம் மெதுவான இடத்தில் எட்டும் ஒன்றாகக் கெடும். இரண்டே பம்பு, இரண்டும் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் அங்கே உட்காருங்கள்.

பாரில் நின்றவர்களுக்கு நன்றி சொல்லப் பல காரணம் உண்டு. நிலவறைக்கும் பம்புக்கும் இடையே உள்ள குழாயில் பீர் தங்கி நிற்கும். ஓட்டமில்லாத நேரத்தில் அது சூடாகிச் சுவை கெடும். அதை இழுத்துக் கொட்டிவிட்டு நமக்கு ஊற்றினார்கள். அது அவர்களுக்கு நட்டம், நமக்கு நல்ல முதல் மிடறு. கைப்பம்பின் உருளை ஓர் இழுப்புக்கு ஏறக்குறைய அரை பைண்ட் தரும். நீளமாக, நிதானமாக ஓர் இழுப்பு, பிறகு நிரப்ப ஒரு சின்ன இழுப்பு. வெடுக்வெடுக்கென்று ஆட்டினால் கோப்பை நிறைய நுரைதான். இங்கிலாந்தின் வடக்கே பம்பின் மூக்கில் சிறு துளைகள் கொண்ட ஒரு மூடியை மாட்டி, கெட்டியான நுரை வரவைப்பார்கள். லண்டன் பக்கம் அது வழக்கமில்லை. நுரை குறைவாக இருக்கிறதே என்று குறைபட்டுக்கொண்ட இருவருக்கு இதுவே பதில்.

ஒவ்வொரு முறையும் புதுக் கோப்பை கேட்டதற்கு யாரும் முகம் சுளிக்கவில்லை. பழைய கோப்பையில் ஊற்றினால் பம்பின் மூக்கு எச்சில் படும். சரியாக அலசாத கோப்பையில் சோப்பு ஒட்டியிருந்தால் நுரை நொடியில் செத்துவிடும்.

ஒரு கோப்பை மாற்றித் தரவேண்டி வந்தது. எந்தப் பப் என்பது இங்கே தேவையில்லை, எங்கும் நடப்பதுதான். வினிகர் வாடை அடித்தால் பீப்பாய் நெடுநேரம் திறந்து கிடந்திருக்கிறது. நனைந்த அட்டை வாடை என்றால் காற்றின் ஆக்சிஜன் பீரில் ஏறியிருக்கிறது. வெண்ணெய் மிட்டாய் மணம் என்றால் நொதிப்பு முழுமையாகவில்லை. ஒரு மிடறு குடித்தவுடன் பாருக்குக் கொண்டுபோய், “இது கொஞ்சம் புளித்திருக்கிறதோ?” என்று மெதுவாகக் கேளுங்கள், மாற்றிக் கொடுப்பார்கள். முக்கால்வாசி குடித்துவிட்டுப் போய் நிற்காதீர்கள்.

இனி அலை பார்த்த நண்பருக்கு. ட்விக்கன்ஹாமின் வொயிட் ஸ்வான் தேம்ஸ் ஓரத்தில் இருக்கிறது. டெடிங்டன் மதகுவரை ஆற்றில் கடலேற்றம் உண்டு. பெரிய ஏற்றத்தன்று அந்தப் பப்பின் தோட்டமும் முன்னாலுள்ள சாலையும் தண்ணீருக்குள் போய்விடும். வாசலுக்குப் படியேறிப் போகிற மாதிரி கட்டியிருப்பது சும்மா இல்லை. அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில்தான் பெரிய ஏற்றம். நம் நண்பர் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைப் பார்த்தே அந்த நாட்களைத் தள்ளிவிட்டார், பிறகு ஏற்ற அட்டவணையில் சரிபார்த்தார். லண்டன் பாலத்தில் ஏற்றம் உச்சமாகும் நேரத்தைவிட ஆற்றின் மேற்பக்கமான ரிச்மண்டில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிந்தும். இதை மறந்தவர்கள் காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பதைப் பார்க்கலாம்.

அவரே யார்க் ஹவுஸ் தோட்டத்து வழியையும் தேர்ந்தெடுத்தார். ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் இளைய மகன் சர் ரத்தன் டாட்டா 1906இல் வாங்கிய மாளிகை அது. அங்கே அவர் நிறுவிய ஆடையற்ற பளிங்குப் பெண் சிலைகள்தான் ட்விக்கன்ஹாம் மதுவாலை காய்ச்சும் 4.4 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட ‘நேக்கட் லேடீஸ்’ ஏலுக்குப் பெயர் கொடுத்தவை. சிலையைப் பார்த்துவிட்டு ஏலைத் தேடுவதுதான் முறை. தலைகீழாகச் செய்தால் தோட்டம் பூட்டியிருக்கும்.

பொதுப்பணம் வைத்திருந்தவருக்குத் தனி நன்றி. இந்த நாட்டு வழக்கப்படி ஒருவர் மாற்றி ஒருவர் எல்லாருக்கும் வாங்குவது நான்கு பேருக்குச் சரி. பதினான்கு பேரில் அது விபத்து: கூட்டத்தில் வேகமாகக் குடிப்பவரின் வேகத்துக்கு எல்லாரும் இழுபடுவார்கள். ஆளுக்கு 15 பவுண்டு முதலிலேயே வசூலித்து, மூன்று பேரை மட்டும் பாருக்கு அனுப்பி, அரை பைண்டுக்கு மேல் கிடையாது என்று கறாராக நின்றார். 4.2 விழுக்காட்டு ஏலில் அரை பைண்ட் ஏறக்குறைய 1.2 யூனிட் (குடித்த ஆல்கஹாலை இந்த நாட்டில் அளக்கும் அலகு). நான்கு பப்புக்கு ஐந்துக்குச் சற்றுக் குறைவு. வாரத்துக்கு 14 யூனிட் என்ற இந்த நாட்டு மருத்துவ வரம்பில் மூன்றில் ஒரு பங்கு அந்த ஒரு மாலையிலேயே போயிற்று என்பதையும் அவர்தான் நினைவூட்டினார். லேசானதை முதலில், கனத்ததைக் கடைசியில் என்று வரிசை வகுத்ததும் அவரே. ஈஎஸ்பி என்கிற 5.5 விழுக்காட்டுக் கனத்த ஏலில் தொடங்கினால் அதன்பின் பிட்டர் என்கிற 3.8 விழுக்காட்டு ஏல் தண்ணீராகத்தான் தெரியும்.

சைவ நண்பர்களுக்காக ஒவ்வொரு பப்பிலும் விசாரித்து வைத்த தங்கைக்கு நன்றி. பீப்பாய் ஏலைத் தெளியவைக்கப் பெரும்பாலும் ஐசிங்கிளாஸ் சேர்ப்பார்கள். அது மீனின் காற்றுப்பையிலிருந்து எடுப்பது. பம்பில் தொங்கும் அட்டையில் இது எழுதியிருக்கும் என்று நம்பாதீர்கள். “தெளியவைக்கும் பொருள் சேர்க்காத ஏல் இருக்கிறதா?” என்று கேட்க வேண்டும். அப்படிப்பட்ட ஏல் இயல்பிலேயே மங்கலாக இருக்கும், அது கெட்டதல்ல. முறுக்கு கொண்டுவந்தவரும் அவரே. பப்பில் அனுமதி கேட்டுவிட்டுத்தான் பொட்டலத்தைப் பிரித்தார். முறுக்கு பிட்டருக்கு அருமையாகப் பொருந்துகிறது. ஊறுகாயை மட்டும் இனி யாரும் கொண்டுவர வேண்டாம். நாக்கு எரிந்தபின் எந்த ஏலும் ஒன்றுதான்.

ஏல் தொடாமல் கூடவே வந்த மூவருக்கு: நீங்கள் இல்லாமல் இந்த நடை நடந்திருக்காது. சர்ச் தெருவில் ஃபாக்ஸ் பப்பிலிருந்து எல்லாரையும் எண்ணி வெளியே அனுப்பி, டெடிங்டன் போகும் ஆர்68 பேருந்தில் ஏற்றி, வால்போல் சாலையில் மேசன்ஸ் ஆர்ம்ஸ் பப்பின் வாசலில் மறுபடி எண்ணினீர்கள். லண்டன் பேருந்தில் காசு வாங்குவதில்லை என்று தெரியாமல் சில்லறையோடு நின்றவருக்கு அட்டையும் கொடுத்தீர்கள். டெடிங்டனிலிருந்து ஹாம்ப்டன் ஹில்லில் உள்ள ரோபக் பப் வரை நடக்கவைத்ததும் நல்லதே. நடுவில் இருபது நிமிட நடையும் ஒரு பாட்டில் தண்ணீரும் இல்லாமல் நான்காவது பப் ருசிக்காது. அங்கிருந்து ஃபுல்வெல் ரயில் நிலையம் பக்கம்தான். ஆனால் வண்டி அரை மணிக்கு ஒன்று. கடைசி மடக்கை அதற்கேற்ப முடிக்கவைத்தது உங்கள் கடிகாரம்.

ரியல் ஏலைக் காக்கப் பாடுபடும் கேம்ரா அமைப்பின் தொண்டர்களுக்கும் ஒரு வரி. வடிகட்டிச் சூடாக்கி வாயுவால் தள்ளும் பீரே எங்கும் நிறைந்துகொண்டிருந்த 1971இல் நான்கு பேர் தொடங்கிய இயக்கம் அது. எந்தப் பப்பில் ஏல் நன்றாக இருக்கிறது என்று இன்றும் சம்பளமின்றிக் குடித்துப் பார்த்து எழுதிவைப்பவர்கள் அவர்கள்தான். சிரமமான தொண்டு!

கணக்கு: வரவு 210 பவுண்டு, செலவு 182. மிச்சம் 28, ஆளுக்கு 2 பவுண்டு. வாங்காதவர்கள் வாங்கிக்கொள்ளுங்கள். ரோபக்கில் விட்டுப்போன கறுப்புக் குடை எங்களிடம் பத்திரமாக இருக்கிறது, கைப்பிடியில் சிவப்பு நூல் கட்டியது.

நன்றியுடன்,
நடையை ஒருங்கிணைத்தவர்கள்