பாட்டுப் போட்டி நடத்தும் தொலைக்காட்சியாருக்கு: அவரவர் சுருதியில் பாட விடுங்கள்

மதிப்பிற்குரிய தயாரிப்பாளர்களுக்கும், இசைக்குழுப் பொறுப்பாளர்களுக்கும், நடுவர்களுக்கும்,

வணக்கம். போன மாதம் எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் நீங்கள் நடத்திய ஆடிஷன் எப்படி நடந்தது என்று உங்களுக்கே நான் சொல்ல வேண்டியதில்லை. பதிவு உங்கள் கையில் இருக்கிறது. சேனல் பெயரை வேண்டுமென்றேதான் எழுதாமல் விடுகிறேன். பெயரை எழுதினால் மற்ற சேனல்காரர்கள் இது நமக்கில்லை என்று நிம்மதியாகப் போய்விடுவார்கள். எல்லோரும் செய்வது இதைத்தான்.

என் மாணவி ஒருத்தி வந்திருந்தாள். பத்தாம் வகுப்பு. அவளுக்கு இயல்பாக அமைந்த சுருதி, அதாவது பாட்டுக்கு ஆதாரமாக அவள் குரல் நிற்கும் இடம், மூன்று கட்டை. கட்டை எண் ஏற ஏறச் சுருதியும் ஏறும். பெண்கள் வழக்கமாகப் பாடுவது ஐந்து, ஐந்தரை. இவளுக்குக் கீழே கனம் அதிகம். மந்திர ஸ்தாயியில், அதாவது கீழ்ச் சுரங்களில், அவள் நிற்கும்போது தம்புராவே ஒரு சுற்று பெரிதானது போல இருக்கும். விடியற்காலையிலேயே டோக்கன் வாங்கி, மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டி உள்ளே கூப்பிட்டார்கள். கரோக்கி டிராக் ஓடியது. பாட்டு ஐந்து கட்டையில் இருந்தது. "கொஞ்சம் இறக்கித் தர முடியுமா அண்ணா?" என்று கேட்டாள். காதில் ஹெட்போன் மாட்டியிருந்த தம்பி, "டிராக் எல்லாருக்கும் ஒண்ணுதான்மா" என்றார். சரி என்று பாடினாள். பல்லவி தாண்டியது. சரணத்தில் மேல் ஸ்தாயி பஞ்சமத்துக்குப் போகும்போது குரல் பிசிறியது. உடனே டிராக்கை நிறுத்தினார்கள். "பொண்ணு மாதிரி பாடும்மா, ஆம்பளக் குரல்ல பாடுறே" என்று மேசைக்குப் பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். இரண்டு பேர் சிரித்தார்கள். அவ்வளவுதான், அடுத்த டோக்கன்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் கேமரா வந்திருக்கும். பஸ்ஸில் வரும்போது என்னிடம், "குரலை மெலிசாக்க மாத்திரை ஏதாவது இருக்கா மிஸ்?" என்று கேட்டாள்.

ஐந்து கட்டைக்கும் மூன்று கட்டைக்கும் நடுவே உள்ள தூரம் மூன்று அரைச்சுரம், கீபோர்டில் மூன்றே கட்டைகள் தள்ளி. கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்க டிரான்ஸ்போஸ் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை மூன்று தடவை அழுத்த வேண்டும். கரோக்கி டிராக்காக இருந்தால் இலவசமாகக் கிடைக்கும் மொபைல் செயலியே அந்த வேலையைச் செய்துவிடும். உங்கள் மேடைக்குச் சிறப்பு விருந்தினராக ஒரு மூத்த பாடகி வந்தால், அவர் கேட்கும் முன்பே உங்கள் குழு சுருதியை இறக்கி வைத்துக்கொள்கிறது. வயதானால் குரல் இறங்கும் என்று அவர்களுக்குத் தெரியும். பிறக்கும்போதே இறங்கிய குரலோடு ஒருத்தி வரக்கூடும் என்பது மட்டும்தான் தெரியவில்லை போலிருக்கிறது.

கேட்பது ஒன்றே ஒன்று: பாடுகிறவர் தன் சுருதியைத் தானே சொல்லட்டும்.

இந்தக் கடிதத்தை நான் எழுதியே ஆக வேண்டும் என்று ஆனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. போன சீசனில், கனத்த குரலுக்குப் பேர்போன பாடகி உஷா உதுப்புக்கு மரியாதை செய்வதாகச் சொல்லி ஒரு சுற்று வைத்தீர்கள். மேடையெல்லாம் காஞ்சிபுரம் பட்டு, பெரிய பொட்டு, கை நிறைய வளையல். நடுவர்கள் எழுந்து நின்று ஆடினார்கள். எல்லாம் சரி. பாடிய பெண்கள் எல்லோருமே அவர் பாட்டை மேலே ஏற்றி, மெல்லிய குரலில் பாடினார்கள். அவர் குரலில் எது அவர் அடையாளமோ அதை மட்டும் எடுத்துவிட்டு, புடவையை வைத்துக்கொண்டீர்கள். அந்த உஷா உதுப் பதினாலு வயதில் உங்கள் ஆடிஷனுக்கு வந்திருந்தால் எந்த டோக்கனோடு திரும்பிப் போயிருப்பார் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

யோசிக்கக்கூட வேண்டாம், அவருக்கு அது நடந்தே இருக்கிறது. பம்பாயில் தமிழ்க் குடும்பத்தில் 1947இல் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் பாட்டு வகுப்புக்குக் குரல் ஒத்துவராது என்று ஒதுக்கிவிட்டார்கள் என்பதை அவரே எத்தனையோ பேட்டிகளில் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். முறைப்படி சங்கீதம் கற்றுக்கொள்ளவில்லை. வீட்டு ரேடியோவில் எது வந்ததோ அதெல்லாம் பாடம்: மேல்நாட்டுப் பாட்டு, இந்துஸ்தானி, கர்நாடகம், எல்லாம் கலந்து.

பிறகு 1969இல் நம் சென்னை. மவுண்ட் ரோடு சஃபையர் தியேட்டர் வளாகத்தில் நைன் ஜெம்ஸ் என்று ஒரு நைட் கிளப் இருந்தது. அங்கே பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போய் ஆங்கிலப் பாட்டு பாடினார். அந்தக் காலத்தில் நைட் கிளப் பாடகி என்றால் ஜனங்கள் மனத்தில் என்ன உருவம் வரும் என்று உங்களுக்குத் தெரியும். உடையும் குரலும் இரண்டுமே அந்த உருவத்தோடு ஒட்டவில்லை. ஆனாலும் கேட்டார்கள். அப்புறம் கல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டில் ட்ரிங்காஸ் என்ற உணவகம். அந்த மேடைதான் அவரை முழுப் பாடகியாக ஆக்கியது. எதிரே இருப்பவர் சாப்பிட்டுக்கொண்டிருப்பார், பேசிக்கொண்டிருப்பார். அவரைத் திரும்பிப் பார்க்க வைக்க வேண்டும். இன்றைக்கும் அவர் மேடை ஏறினால் முதல் இரண்டு நிமிஷத்தில் கூட்டத்தைக் கைதட்ட வைப்பது அந்தப் பழக்கம்தான்.

சினிமா அவரை ஓரமாகத்தான் உள்ளே விட்டது. 'ஹரே ராமா ஹரே கிருஷ்ணா' (1971) படத்தில் அவருக்குக் கிடைத்தது ஒரு பாட்டின் ஆங்கிலப் பகுதி. தமிழிலும் அதே கதை. புராணப் படங்களுக்குப் பேர்போன ஏ.பி.நாகராஜன், 'மேல்நாட்டு மருமகள்' (1975) எடுத்தபோது குன்னக்குடி வைத்தியநாதன் இசையில் இவரை ஆங்கிலத்தில் பாட வைத்தார். கதாநாயகிக்கு ஒரு குரல், கிளப்புக்கு ஒரு குரல் என்று பிரித்து வைத்திருந்த காலம். கனத்த குரல் என்றால் வில்லி, போதை, கிளப். இதில் நம் எல்.ஆர்.ஈஸ்வரிக்கு நடந்ததையும் சேர்த்தே நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கே தனிக் கடிதம் எழுதலாம்.

1978இல் 'ஷாலிமார்' படத்தில் ஆர்.டி.பர்மன் இசையிலும், அதற்குப் பிறகு டிஸ்கோ அலையில் பப்பி லஹரி இசையிலும் பாடினார். 'அர்மான்' (1981), 'டிஸ்கோ டான்ஸர்' (1982) பாட்டுகளில் அவர் குரலைக் கேளுங்கள். அதுவரை குறை என்று சொல்லப்பட்ட அந்தக் கனமே இங்கே தாளத்துக்குத் தோள் கொடுக்கிறது. சுற்றிலும் டிரம்ஸும் சிந்தசைசரும் இரைந்துகொண்டிருக்கும்போது மெல்லிய குரலாக இருந்தால் அமுங்கிப் போயிருக்கும். 1990இல் 'அஞ்சலி'க்கு இளையராஜா அவரைக் கூப்பிட்டார். 2011இல் '7 கூன் மாஃப்' படத்துக்காக விஷால் பரத்வாஜ் ஒரு ரஷ்ய நாட்டுப்புற மெட்டை எடுத்து, ரேகா பரத்வாஜோடு சேர்த்துப் பாட வைத்தார். அந்தப் பாட்டுக்கு இருவருக்கும் ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தபோது உஷா உதுப்புக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. 2011இல் பத்மஸ்ரீ, 2024இல் பத்மபூஷண். எழுபத்தைந்துக்கு மேல் அதே ட்ரிங்காஸில் மைலி சைரஸ் பாட்டு ஒன்றைப் பாடி, பேரப்பிள்ளைகள் வயதில் உள்ளவர்களை போனைத் தூக்கிப் பதிவு செய்ய வைத்தார்.

நடுவே 1980களில் மேற்கு வங்க அமைச்சர் ஒருவர், இவர் பாட்டு பண்பாட்டைக் கெடுக்கிறது என்று அரசு அரங்குகளில் பாட விடாமல் தடுத்தார். இவர் கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தார். எங்கள் ஊர்ப் பெண்ணால் கோர்ட்டுக்கா போக முடியும்?

ஐம்பது வருஷத்துக்கு மேலான இந்தப் பயணத்தில் அவர் மொழியை மாற்றினார், பாணியை மாற்றினார், ஜாஸிலிருந்து டிஸ்கோவுக்கும் அங்கிருந்து குழந்தைகள் பாட்டுக்கும் போனார். குரலை மட்டும் யாருக்காகவும் மெலிசாக்கவில்லை. எந்தப் பாட்டையும் தன் இடத்துக்கு இறக்கிக்கொண்டு பாடினார். அவர் செய்ததைத்தான் என் மாணவியும் உங்களிடம் கேட்டாள்.

பாட்டு டீச்சராக இன்னொன்றும் சொல்ல வேண்டும். வயசுக்கு வரும் காலத்தில் பையன்களுக்குக் குரல் உடைவது எல்லோருக்கும் தெரியும். பெண்களுக்கும் அந்த வயதில் குரல் கொஞ்சம் இறங்கும், வெளியே அவ்வளவாகத் தெரியாது. அந்த நேரத்தில் எட்டாத சுருதியில் தினமும் தொண்டையை இறுக்கிக் கத்தினால் குரல் நாண்களில் முடிச்சு விழும். அப்புறம் கரகரப்பு, மாதக்கணக்கில் மௌனம், காது மூக்கு தொண்டை டாக்டர். நீங்கள் "என்ன ஒரு ஹை பிட்ச்!" என்று எழுந்து நிற்கும் ஒவ்வொரு தடவையும், அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் எத்தனை அம்மாக்கள் மறுநாள் காலையில் பெண்ணை இன்னும் ஒரு கட்டை ஏற்றிப் பாடச் சொல்கிறார்கள் என்று எங்களைக் கேளுங்கள். அந்தப் பெண்களை எங்கள் வகுப்பில் உட்கார வைத்துச் சுருதியை இறக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. கர்நாடக மேடையில் டி.கே.பட்டம்மாள் அந்தக் கம்பீரமான கீழ்க்குரலோடுதான் காலமெல்லாம் பாடினார். அவரை யாராவது பெண் மாதிரிப் பாடச் சொன்னார்களா?

உங்கள் நிகழ்ச்சியில் எல்லாவற்றுக்கும் நேரம் இருக்கிறது. போட்டியாளரின் அப்பா ஆட்டோ ஓட்டுவதை மெதுவாக ஓடவிட்டுக் காட்ட நேரம் இருக்கிறது. நடுவர் நாற்காலி மேல் ஏற, காகிதப் பூ கொட்ட, தொகுப்பாளர் ஜோக் சொல்ல, அதற்கு மூன்று கோணத்தில் சிரிப்பைக் காட்ட, நடுவே நெய் விளம்பரம் போட, எல்லாவற்றுக்கும் நேரம் இருக்கிறது. "உன் சுருதி என்னம்மா?" என்று கேட்கத்தான் நேரம் இல்லை. ஏழைப் பெண்ணாக இருந்தால் வரவேற்கிறீர்கள், கண் தெரியாத பிள்ளையாக இருந்தால் கட்டிப்பிடித்து அழுகிறீர்கள். அதிலெல்லாம் உங்கள் மனசு பெரிசுதான், இல்லை என்று சொல்லவில்லை. குரல் கனமாக இருந்தால் மட்டும் ஏன் அந்த மனசு இப்படிச் சுருங்கிப் போகிறது?

கோபத்தில் கொஞ்சம் அதிகமாகவே எழுதிவிட்டேன். பிள்ளைகளுக்கு மேடை தருகிறீர்கள் என்பதையும், எங்களைப் போன்ற சின்ன ஊர்களுக்கு வேறு வாசல் குறைவு என்பதையும் அறிந்தவள்தான். அதனால் பணிவாகவே கேட்கிறேன். ஆடிஷன் விண்ணப்பத்தில் பெயர், வயது, ஊருக்குக் கீழே சுருதி என்று ஒரு கட்டம் சேருங்கள். டிராக்கை அந்தச் சுருதிக்கு மாற்றிக் கொடுங்கள். மேசைக்குப் பின்னால் உட்காருகிறவர்களிடம், குரல் ஆணா பெண்ணா என்பது மதிப்பெண்ணில் சேராது என்று சொல்லிவையுங்கள். அடுத்த சீசன் ஆடிஷன் அறிவிப்பு வரும்போதே இதையும் சேர்த்து அறிவித்தால் நல்லது. வேண்டுமானால் மாவட்டத்துக்கு ஒரு நாள் நானே வந்து டிரான்ஸ்போஸ் பொத்தான் எங்கே இருக்கிறது என்று காட்டுகிறேன்.

முக்கியச் சுற்றுகளில் வாத்தியக்காரர்கள் நேரடியாக வாசிக்கும்போது, யார் எந்தச் சுருதியில் பாடப்போகிறார்கள் என்று அவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். கீபோர்டுக்குக் கவலை இல்லை, புல்லாங்குழல்காரர்தான் வேறு குழல் எடுத்து வர வேண்டியிருக்கும்.

நன்றியுடன்,
ஒரு பாட்டு டீச்சர்