வைகாசியும் பிறந்துவிட்டது

தண்டையார்பேட்டை,
17.5.2026

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். போனில் பேச வேண்டியதைக் கடிதத்தில் எழுதுகிறாளே என்று நினைக்காதே. போனில் நீ நான்கு நிமிடத்தில் "வகுப்பு இருக்கிறது" என்று வைத்துவிடுகிறாய். இங்கே ஞாயிறு இரவு ஏழரை என்றால் அமெரிக்காவில் உனக்குக் காலை பத்து மணி. ஞாயிற்றுக்கிழமை காலையில் என்ன வகுப்பு, அதுவும் மே மாதத்தில்?

கத்திரி வெயில் கொளுத்துகிறது. தடைக்காலம் என்பதால் காசிமேட்டில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கின்றன. கட்டுமரத்திலும் ஃபைபர் படகிலும் வருகிற கொஞ்சம் மீனுக்கு யானை விலை. தம்பி நேற்று நெத்திலி வாங்கி வந்தான். உனக்குப் பிடிக்குமே என்ற நினைப்பு வந்தது, அதற்குமேல் எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ சாப்பிடுகிறாயா? கடைசியாக வீடியோவில் பார்த்தபோது கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு நீ வீடியோவே போடுவதில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

"பல்கலைக்கழக வேலை நிரந்தரமாகுமா என்று சித்திரைக்குள் தெரிந்துவிடும் அம்மா" என்று பொங்கலன்று நீதான் சொன்னாய். வைகாசியும் பிறந்துவிட்டது. நான் அதைக் கேட்பதற்காக எழுதவில்லை. எனக்கும் தகுதிகாண் பருவம் இருந்தது. இரண்டே வருடம். ஒழுங்காகப் பள்ளிக்கு வந்து போனால் ஆணை கைக்கு வந்துவிடும். உனக்கு ஆறு வருடம். கட்டுரை, ஆய்வு மானியம், மாணவர்கள் எழுதித் தரும் கருத்து, முகம் தெரியாத பேராசிரியர்கள் எழுதும் கடிதம், இவ்வளவும் கூடி வர வேண்டும். ஒன்பது மாதச் சம்பளத்துக்குப் பன்னிரண்டு மாதமும் உழைத்தாய்.

கீழ்வீட்டுப் பையன் அங்கே வேலை பார்த்துவிட்டு வந்தவன். உன்னைப் போல வேலை விசாவில் இருப்பவர்கள் வேலை போனால் அங்கே தங்க அறுபது நாள்தான் என்றான். அவனாகச் சொல்லவில்லை, நான்தான் கேட்டேன். உன் பெயரைச் சொல்லாமல் பொதுவாகத்தான் கேட்டேன்.

உன் முதல் வருட மாணவர்கள் சிலர் உன் உச்சரிப்பு புரியவில்லை என்று எழுதியதற்கு நீ அழுதது நினைவிருக்கிறதா? பன்னிரண்டாம் வகுப்பு வரை இயற்பியலை உந்தம், முடுக்கம், நிலைமம் என்று தமிழில் படித்துவிட்டு, மாநிலக் கல்லூரிக்குப் போய் முதல் மூன்று மாதம் ஒன்றும் விளங்காமல் உட்கார்ந்திருந்தவள் நீ. அங்கே நிலைமம் நடத்தும்போது, பிரேக் போட்டதும் முன்னால் சாய்கிற வள்ளலார் நகர் பஸ் கூட்டத்தைப் பலகையில் வரைந்து காட்டியதாகச் சொன்னாய். அது என் வகுப்பில் நான் சொன்ன உதாரணம். என் கரும்பலகை அவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அன்று இரவெல்லாம் தூங்கவில்லை.

அன்னா மணியின் கதையையும் நீதான் சொன்னாய். அதே மாநிலக் கல்லூரியில் படித்தவர், சி.வி. ராமனின் ஆய்வகத்தில் வைரத்தையும் மாணிக்கத்தையும் ஆராய்ந்து கட்டுரைகள் எழுதியவர். எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்று அவருக்கு டாக்டர் பட்டத்தை மறுத்தார்கள். அவர் முடங்கிவிடவில்லை. வானிலைக் கருவிகளை இந்த நாட்டிலேயே செய்ய வைத்தார். யாரோ ஒரு குழு கூடிக் கையெழுத்துப் போட்டால்தான் நீ வாத்தியார் என்பதில்லை, பாப்பா. நேரத்துக்குச் சாப்பிடு. வெறும் காபியைக் குடித்துவிட்டு ஹீலியம் தொட்டியின் பக்கத்தில் நடுச்சாமம் வரை நிற்காதே.

2021-இல் நீ அனுப்பிய வாழ்த்து அட்டையில் இயற்பியல் விஞ்ஞானி சியென்-ஷியுங் வூ படம் போட்ட தபால்தலை ஒட்டியிருந்தது. அதை வெட்டி பீரோ கண்ணாடியில் செருகி வைத்திருக்கிறேன். கோபால்ட்டைக் கடுங்குளிரில் வைத்து, இயற்கைக்கு இடமும் வலமும் ஒன்றல்ல என்று காட்டியவர், ஆனால் 1957 நோபல் பரிசு அந்த யோசனையைச் சொன்ன இரண்டு ஆண்களுக்குப் போனது என்று நீ ஆத்திரத்தோடு சொன்னாய். எனக்கு மனதில் தைத்தது வேறு. 1936-இல் சீனாவிலிருந்து கப்பல் ஏறிய அந்தப் பெண் தாய் தகப்பனைத் திரும்பப் பார்க்கவே இல்லை. 1973-இல் ஊருக்குப் போனபோது அவர்களுடைய கல்லறைகூட மிஞ்சவில்லை. அவருக்குக் குறுக்கே போரும் அரசாங்கங்களும் நின்றன. உனக்குக் குறுக்கே நின்றது நான்.

2014 ஜனவரியில் அப்பா பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். உனக்குத் தகுதித் தேர்வு. "அக்காவுக்கு டிக்கெட் போடச் சொல்லட்டுமா?" என்று தம்பி மூன்று தடவை கேட்டான். வேண்டாம் என்றேன். உன்னிடம் காய்ச்சல் என்றேன். "பாப்பா எப்போது வரும்?" என்று அவர் கேட்டதற்கு, லீவு கிடைக்கவில்லையாம் என்றேன். நீ வந்து சேர்ந்தபோது மூலக்கொத்தளம் சுடுகாட்டில் எல்லாம் முடிந்திருந்தது.

அதுவரை உன் படிப்புக்காகச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு செய்ததற்கு என்ன சொல்வது? பதினாறாம் நாள் உன் அத்தை எல்லோர் முன்னாலும், "அப்பனைவிடப் பரீட்சை பெரிதாகப் போய்விட்டதா?" என்று கேட்டாள். முன்கூட்டியே உனக்குச் சொல்லியும் நீ வரவில்லை என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தது நான்தான். என்மேல் பழி வந்துவிடுமோ என்ற பயம். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. பன்னிரண்டு வருடமாக அந்தப் பார்வை என் முன்னால் நிற்கிறது. கெட்ட செய்தியை வீட்டுக்குச் சொல்லாமல் காய்ச்சல் என்று மறைப்பதை நீ வேறு யாரிடம் கற்றிருப்பாய்?

போன செவ்வாய்க்கிழமை மூலக்கொத்தளத்து அத்தை வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு உன் போன் நம்பர் கேட்டாள். உன்னைக் கேட்காமல் தரவில்லை.

என் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன். இத்தனை வருடம் கூப்பிட்டும் வராதவள் இப்போது ஏன் என்று தம்பி கேட்டான். குளிரைப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். நீ இங்கே வந்தாலும் சரி, மாடி அறைக்கு வெள்ளை அடித்தாயிற்று. அப்பாவின் துறைமுகப் பெட்டியை மட்டும் நகர்த்தவில்லை.

அடுத்த ஞாயிறும் ஏழரைக்குப் போனைப் பக்கத்திலேயே வைத்திருப்பேன். முதலில் சாப்பிடு. பிறகு கூப்பிடு.

அம்மா