ஸ்கீமில் கேள்வி கேட்டுப் பதில் வாங்க

ஆசிரியர் அவர்களுக்கு,

ஸ்கீம் என்ற நிரல் மொழி படிக்கும் மாணவர்களுக்காக இதை வெளியிட வேண்டுகிறேன்.

‘வயது?’ என்று டிஸ்ப்ளே (காட்டும் கட்டளை) போட்டும் ஸ்கீமை இயக்கும் சில மென்பொருள்களில் திரையில் கர்சர் மட்டும் காத்து நிற்கும். வரி முடியாததால் எழுத்துகள் பஃபர் என்ற தற்காலிக நினைவிலேயே தங்கிவிடுகின்றன; அடுத்து, அவற்றைத் திரைக்கு அனுப்பும் ஃப்ளஷ்-அவுட்புட்-போர்ட் அழைத்தால் வந்துவிடும்.

அதைவிடத் தொல்லை, ஒரு மதிப்பை மட்டும் படிக்கும் ரீடையும் முழு வரியைப் படிக்கும் ரீட்-லைனையும் கலப்பது. வயதுக்கு 25 என்று தட்டினால், ரீட் அந்த 25-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு, எண்டர் தட்டிய வரிமுடிவை விட்டுவைக்கும். அடுத்த ரீட்-லைன் அதை விழுங்கி, பெயர் கேட்ட இடத்தில் வெற்றுச் சரத்தை (எழுத்தே இல்லாத உரையை) தரும். எல்லாவற்றையும் ரீட்-லைனிலேயே வாங்குங்கள். 2013-இல் வந்த ஆர்7ஆர்எஸ் என்ற ஸ்கீம் மொழித் தரத்தில் அது உண்டு. எண் வேண்டுமானால், சரத்தை எண்ணாக்கும் ஸ்ட்ரிங்->நம்பர்: ‘இருபது’ என்று தட்டினால் #எஃப் (பொய் என்ற மதிப்பு) கிடைக்கும், மறுபடி கேட்கலாம். லினக்ஸில் வெற்று வரியில் கண்ட்ரோல்-டி அழுத்தினால் சரமே வராது, உள்ளீடு முடிந்ததைக் குறிக்கும் ஈஓஎஃப்-ஆப்ஜெக்ட்தான் வரும். அதை முதலில் சோதிக்காவிட்டால் ஸ்ட்ரிங்->நம்பர் பிழையில் போய் நிற்கும்.

— ஒரு வாசகர்