சித்தப்பா கூட நின்ன எல்லாருக்கும் நன்றிங்க

வணக்கங்க. கும்பகோணம் திருவிடைமருதூர் சுத்துவட்டாரத்துல எங்க சித்தப்பாவ தெரியாதவங்க கம்மி, தவில்காரரு, பேரு போடாதடான்னு அவரே சொல்லிட்டாரு அதனால போடல. இத அவர்கிட்ட படிச்சு காட்டிட்டுதான் போடறேன். மனசு சரியில்லாம போனதுக்கு குடுத்த மாத்திரைய கையால தொடமாட்டேன்னு அவரு நின்ன காலத்துல எங்களுக்கு ஒத்தாசையா இருந்தவங்க நெறைய பேரு, அறுப்பு நேரம் வேற, வீடு வீடா வந்து சொல்ல முடியல, அதான் இப்படி.

மொதல்ல ஜிஎச் மனநல டாக்டரம்மா. நாங்க குடும்பமா போயி "தனக்கு வியாதின்னே அவருக்கு புரியல டாக்டர்"னு கோரஸா சொல்லிட்டு நிக்கறோம், அவங்க எங்கள விட்டுட்டு சித்தப்பாவ பாத்து "மாத்திரை ஏன் புடிக்கல, என்ன பண்ணுது உங்கள"ன்னு கேட்டாங்க. சித்தப்பா பதிலே சொல்லல, டேபிள்ல தட்ட ஆரம்பிச்சாரு. வலது கை விரல்ல கூடு மாட்டி வாசிக்கற கைங்க அது. தகிட தகிடன்னு மொத காலம் ஓடுச்சு, ரெண்டாங்காலம், அதான் ரெண்டு மடங்கு வேகம், புடிச்சதும் மோதிர விரலும் சுண்டு விரலும் கூட வரவே இல்ல, மரக்கட்ட மாதிரி நிக்குது, லேசா நடுக்கம் வேற. "இத போட்டா என் பொழப்பு போச்சும்மா"ன்னாரு. முன்னாடி பாத்த தனியார் ஆஸ்பத்திரில இதே கைய நீட்டி காட்டினப்ப அதெல்லாம் சரியாயிரும்னு சீட்டுல கையெழுத்து போட்டு அனுப்பிட்டாங்க. டாக்டரம்மா அப்படி விடல. ஹாலோபெரிடால் மாதிரி பழைய மருந்துல சில பேருக்கு இந்த விறைப்பு வரும், அவரு சொல்றது நெசம், இதுல பிடிவாதம் ஒண்ணும் இல்லன்னு எங்ககிட்டயே சொன்னாங்க. அப்புறம் மருந்த படிப்படியா ஒலான்சபினுக்கு மாத்தினாங்க, ராத்திரி மட்டும். இதுல தூக்கம் வரும், வெயிட் போடும், சுகர் ஏறலாம், அப்பப்ப ரத்தம் டெஸ்ட் பண்ணனும்னு அதையும் மறைக்காம சொல்லிட்டாங்க. ஊசியும் இருக்கு, ஒண்ணு போட்டா சில வாரம் தாங்கும்னாங்க, சித்தப்பா வேணாம்னாரு, சரி வேணாம்னு விட்டுட்டாங்க. நோய்னு ஒத்துக்க வைக்க ஒரு நாளும் மல்லுக்கட்டல. "தூக்கம் வேணுமா வேணாமா?" அவ்வளவுதான் கேட்டாங்க. வேணும்னாரு. இன்னிக்கும் அவர கேட்டா எனக்கு ஒண்ணும் இல்லடா தூக்கத்துக்குதான் போடறேம்பாரு, சரிங்க சித்தப்பான்னுடுவோம், எங்களுக்கு அது போதும்.

அடுத்து அங்க இருக்கற நர்ஸ் அக்கா. சொந்தத்துல ஆளாளுக்கு ஐடியா குடுத்தாங்க, ரசத்துல கரைச்சு ஊத்து, மோர்ல கலந்துருன்னு. சித்தப்பாவுக்கு இருந்த சந்தேகமே சோத்துல யாரோ எதையோ கலக்கறாங்கங்கறதுதான். அக்காதான் "தம்பி, ஒரு தடவ கண்டுபிடிச்சாருன்னா அவரு பயந்தது நெசம்னு ஆயிடும்ல, அப்புறம் சித்தி கையால பச்சத்தண்ணி கூட வாங்க மாட்டாரு"ன்னு தடுத்தாங்க. சித்தி இப்பவும் மாத்திரை அட்டையோட அவர்கிட்ட குடுத்துடுவாங்க, அவரே பிச்சு போட்டுக்குவாரு.

இன்னொரு சொந்தக்காரரு (இவருக்கு நன்றி கெடையாது) சங்கிலி போட்டு வைங்கன்னாரு. எங்க தெரு வக்கீல் அண்ணன் அன்னிக்கு எந்திரிச்சு நின்னு, 2001 ஆகஸ்ட் 6 ஏர்வாடி மனநல காப்பகத்துல தீப்புடிச்சப்ப சங்கிலில கட்டிக் கெடந்தவங்க 28 பேரு வெந்து செத்தது மறந்து போச்சா, 2017 மனநல சட்டப்படி சங்கிலி போடறதே குத்தம்னு போட்டாரு ஒரு போடு, அதோட அந்த பேச்சு நின்னுச்சு. அதே சட்டத்துல, நாளைக்கு நமக்கு முடியாம போனா நம்ம சார்பா யாரு பேசணும்னு நாமளே ஒரு ஆள எழுதி வைக்கலாமாம். சித்தப்பா தெளிவா இருந்த ஒரு நாள் எழுதிக் குடுத்தாரு. எங்க யாரு பேரும் இல்லீங்க அதுல, நாகஸ்வரக்கார மாமா பேரு! சித்திக்கு கொஞ்சம் வருத்தம்தான்.

ஆனா யோசிச்சு பாத்தா சரியான ஆளு. மாமா சித்தப்பாவ மேளச் செட்டுலேர்ந்து எடுக்கவே இல்ல, கை சரியில்லாத மாசமெல்லாம் ரெண்டாவது தவிலா பக்கத்துல ஒக்கார வச்சாரு. சாயங்காலம் ஆனா சைக்கிள்ல வந்துருவாரு, ரெண்டு பேரும் வாசிச்சு சாதகம் பண்ணுவாங்க, முடிச்சதும் "சாப்ட்டு படு, காலைல வேலை இருக்கு" அப்படின்னுட்டு போயிருவாரு. மாத்திரை போட்டியான்னு அவரு வாய்லேர்ந்து நான் கேட்டதே இல்ல. வாசிப்பு, சாப்பாடு, மாத்திரை, தூக்கம்னு அதுவா ஒரு வரிசை ஆயிடுச்சு.

ஒரு ராத்திரி ரொம்ப சத்தம், குரல் கேக்குதுன்னு கதவ தாழ்ப்பாள் போட்டுக்கிட்டாரு. சித்தி 14416க்கு போன் போட்டாங்க, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண், 2022லேர்ந்து இருக்கு, காசு கெடையாது, நடுராத்திரிலயும் தமிழ்ல பேசறாங்க. எடுத்த பொண்ணு பேரு கூட கேக்க தோணல. டிவிய நிறுத்துங்க, கூட்டம் போடாதீங்க, ஒரே ஒருத்தர் மட்டும் மெதுவா பேசுங்க, குரல் பொய்னு வாதாடாதீங்க, பயமா இருக்கான்னு மட்டும் கேளுங்கன்னு சொல்லி, கதவு தொறக்கற வரைக்கும் லைன்லயே இருந்துச்சு. யாரும்மா நீ, நல்லா இரு.

மகாலிங்கசாமி கோயிலுக்கும் போனோம், பிரம்மஹத்தி தோஷம் போகும்னு சித்தப்பிரமைக்கு அங்க வர்றவங்க ஜாஸ்தி. அர்ச்சனை முடிச்சு திருநீறு குடுத்த குருக்கள் "டாக்டர் குடுத்தத நிறுத்திடாதீங்கோ"ன்னு சேத்து சொன்னாரு, சித்தப்பா நாங்க சொன்னா கேக்க மாட்டாரு, அவரு சொன்னதுக்கு தலையாட்டினாரு. அப்புறம் நம்ம டீக்கடை அண்ணன், சித்தப்பா தனியா பேசிக்கிட்டு போறத வீடியோ எடுத்த பசங்கள அடிக்காத குறையா வெரட்டி அழிக்க வச்சீங்க. மறக்க மாட்டோம்ணே.

எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொல்ல வரல. குரல் சன்னமா இன்னும் கேக்குதாம், தொப்பை போட்டுருச்சு, வாரத்துல ஒரு நாள் இன்னிக்கு வேணாம்னு முறுக்குவாரு, நாங்க மாமா வர்ற வரைக்கும் வாயே தொறக்க மாட்டோம். விரல் மட்டும் ரெண்டாங்காலத்துல நல்லா ஓடுது.

யாரையாவது விட்டிருந்தா கோச்சுக்காதீங்க. ஆவணி முகூர்த்தத்துக்கு செட்டு வேணுங்கறவங்க மாமாகிட்டயே கேட்டுக்கங்க, சித்தப்பாவுக்கு நேரா போன் போடாதீங்க, ராத்திரி ஒன்பதுக்கு மேல அவரு எடுக்க மாட்டாரு, தூங்கிருவாரு.